முடிந்துபோன கண்காட்சிகள்

வணக்கம் சார்,

மகளின் கல்லூரி விஷயமாகத் திருவனந்தபுரம் போனபோது மியூசியம் வளாகத்தில் ரவிவர்மா படங்களைப் பார்த்தேன். நீங்கள் ஓவியம் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த வருஷக் கண்காட்சியில் இருந்தது, அந்த வருஷக் கண்காட்சியில் பரிசு வாங்கியது என்று சொல்கிறீர்கள். படம் என் கண் முன்னால் இருக்கிறது. எப்போதோ மாட்டி இறக்கிய கண்காட்சியைத் தெரிந்துகொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? அது ஆராய்ச்சிக்காரர்களின் வேலை இல்லையா? இன்னொரு சந்தேகம்: பெரிய மியூசியங்களில் ஒருமுறை பார்த்த படம் அடுத்த முறை போனால் இருப்பதில்லையே, ஏன்?

எஸ்., களியக்காவிளை

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். வெளிச்சம்தான் காரணம். காகிதத்தில் தீட்டிய நீர்வண்ண ஓவியம் வெளிச்சத்தில் வெளிறும், போன நிறம் திரும்பி வராது. அதனால் அந்த மாதிரிப் படங்கள் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். எண்ணெய் வண்ணம் கொஞ்சம் தாங்கும், அதற்கு 200 லக்ஸ் வரை. காகித ஓவியங்களைச் சில மாதம் மாட்டிவிட்டு, அப்புறம் நெடுநாள் இருட்டறையில் வைத்துவிடுவார்கள். அறை மங்கலாக இருந்தால் கரண்ட் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இனி முதல் கேள்வி. படம் கண் முன்னால் இருக்கிறது, சரி. ஆனால் யார் பார்ப்பதற்காக அதை வரைந்தார் என்பது சட்டத்துக்குள் இருக்காது.

1873-ல் மதராஸில் நடந்த நுண்கலைக் கண்காட்சிக்கு ரவிவர்மா ஒரு படம் அனுப்பினார். தலையில் மல்லிகை சூடும் நாயர் பெண். அப்போது அவருக்குச் சுமார் 25 வயதுதான். ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு வாங்கியது. அடுத்த வருஷம் மதராஸுக்கே ‘சரபத்’ என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணை அனுப்பினார், அதற்கும் தங்கம். அரண்மனைக்கு வரைந்த படத்தை மன்னர் கூப்பிட்டவர்கள்தான் பார்ப்பார்கள். கண்காட்சிக் கூடம் அப்படி இல்லை. சுற்றிலும் வேறு படங்கள் இருக்கும், முன்பின் தெரியாத வெள்ளைக்கார நடுவர் நடந்துகொண்டே பார்ப்பார், அவர் காலை நிறுத்த வேண்டும். சேலை மடிப்பில் அந்தப் பளபளப்பு, நகையில் அந்த மினுமினுப்பு எல்லாம் எதற்கு என்று அப்போது புரிகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அரண்மனையைத் தாண்டிப் பேர் வாங்க நினைத்த ஒரு வாலிபர் வேறு என்னதான் செய்ய முடியும்?

குமரிக்காரர்களிடம் 1893 சிகாகோ என்றால் உடனே விவேகானந்தர் என்பார்கள். பாறையில் தியானம் செய்தவர் போய்ப் பேசிய ஊராயிற்றே. அதே வருஷம் அதே ஊரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ரவிவர்மாவின் பத்துப் படங்களும் போயிருந்தன என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. அவர் போகவில்லை, படங்கள் போயின. பல சமூகங்களைச் சேர்ந்த பெண்கள். பதக்கமும் கிடைத்தது. ஆனால் அவர்கள் பாராட்டியது அந்தப் படங்களின் இனவியல் மதிப்பை! இந்தியாவில் இன்ன சாதிப் பெண் இப்படி உடுத்துவாள், அவள் ஜாடை இப்படி இருக்கும் என்று தகவல் தெரிந்துகொண்டார்களாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

அந்தப் பத்தில் ஒன்று ‘அச்சன் வருகிறார்’. இடுப்பில் குழந்தையுடன் ஒரு நாயர் பெண், காலடியில் நாய். எல்லாரும் வருகிறவரை எதிர்பார்த்து நிற்கிறார்கள், வருகிற அப்பா படத்தில் இல்லை. சிகாகோக்காரருக்கு அது மலபார் உடை. உங்களுக்கும் எனக்கும் அப்படியா? மருமக்கள்தாயக் குடும்பங்களைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வீடும் சொத்தும் அம்மா வழியில் வரும், காரியங்களைப் பார்ப்பவர் அம்மாவன் (தாய்மாமன்), அப்பா வந்துபோகிறவர். அந்த வீட்டு வாசலில் ‘அப்பா வருகிறார்’ என்று ஒரு தாயையும் பிள்ளையையும் நிறுத்தினால் அது சும்மா குடும்பப் படம் ஆகாது. மாறிக்கொண்டிருந்த ஒரு வழக்கத்தின் நடுவிலிருந்து வரைந்த படம் அது. இந்தப் பொருள் சிகாகோவில் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

பரோடா மன்னருக்காக வரைந்த 14 புராணப் படங்களின் கதை வேறு. அவற்றை அனுப்புவதற்கு முன்பே திருவனந்தபுரத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள், பம்பாயிலும் கூட்டம் அலைமோதியது. இத்தனை பேர் பார்க்க வருவார்கள் என்றால் அச்சடித்தால் வாங்கவும் செய்வார்கள். 1894-ல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் வந்தது. திருவிதாங்கூரில் கோயிலுக்குள் விடாமல் வைத்திருந்த சாதியினருக்கும் வாசலைத் திறந்த ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது 1936-ல். அதற்குப் பல வருஷம் முன்பே சாமி படம் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது.

அந்த அச்சுப் படங்களே அவர் பேரைக் கெடுத்தன என்பதும் உண்மை. கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசாமி (நம் ஈழத்துத் தமிழர் மகன்தான்) ரவிவர்மாவைக் கடுமையாக விமர்சித்தார். மேற்கத்திய முறையை விட்டு இந்திய மரபைத் தேடிய வங்க ஓவியப் பாணியின் ஆதரவாளர்கள் பலரும் அதே கட்சி. அதில் ஒரு வேடிக்கை: 1935-ல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ராலயம் என்ற ஓவியக் கூடம் அமைய யோசனை சொன்ன அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், வங்கப் பாணியைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர். அவர் ஆலோசனையில் உருவான கூடத்தில் ஜனங்கள் ரவிவர்மாவைத்தான் தேடிப் போனார்கள். 1956 வரை குமரிக்காரர்களான நமக்கும் திருவனந்தபுரம்தானே தலைநகரம், அது நம் தலைநகரத்துக் கூடமாகவும் இருந்தது.

உங்களுக்கு ஒரே ஒரு பழைய கண்காட்சியைச் சொல்ல வேண்டும் என்றால் 1993-ல் டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் நடந்ததைச் சொல்வேன். ஆற்றிங்கல்காரரான ஓவியர் ஏ. ராமச்சந்திரனும், ஓவியப் பாதுகாப்பு நிபுணர் ரூபிகா சாவ்லாவும் சேர்ந்து அமைத்தது. அதுவரை ரவிவர்மா என்றால் பெரும்பாலோருக்குக் காலண்டர். அங்கே மூல ஓவியங்களை ஒரே கூரையின் கீழ் பார்க்க முடிந்தது. குமாரசாமி காலத்துச் சண்டை மறுபடி சூடாயிற்று, ஆனால் இந்தத் தடவை படங்களைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு. 2023-ல் திருவனந்தபுரத்தில் ரவிவர்மாவுக்கென்று தனிக் கட்டிடம் எழும்பியதற்கு அந்த 1993-தான் விதை என்பது என் கணிப்பு. நீங்கள் பார்த்துவிட்டு வந்ததும் ஒருவகையில் அந்தப் பழைய கண்காட்சியின் பலன்தான். ஆராய்ச்சிக்காரர்களிடம் மட்டும் இதை விட்டுவிடச் சொல்கிறீர்களே!

அடுத்த முறை போனால் அதே வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கர் கூடத்துக்கும் போங்கள். கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். நம்மவர்கள் மிருகக்காட்சிச் சாலையும் ரவிவர்மாவும் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். தற்காலிகக் கண்காட்சி ஏதாவது நடந்தால் கையேடு கொடுப்பார்கள், அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்றைக்கு மியூசியத்துக்கு விடுமுறை.