ஆயரம்மாவைக் கேளுங்கள்: அதே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன்

கேள்வி: அன்புள்ள ஆயரம்மா, ஸ்தோத்திரம். எனக்கு 41 வயது. 16 வயதில் இரட்சிக்கப்பட்டேன். ஓய்வுநாள் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாமியார் பக்கவாதம் வந்து 2 வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். ராத்திரி 3 தடவையாவது துணி மாற்ற வேண்டும். மூன்றாவது தடவை என் வாயில் வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. "இன்னும் எத்தனை நாள் என் உயிரை வாங்குவீர்கள்" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். விடிந்ததும் அழுது ஜெபிக்கிறேன். அன்று ராத்திரியே மறுபடியும் அதேதான். 4 மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. நான் இரட்சிக்கப்பட்டவள்தானா? தேவன் எத்தனை தடவைதான் மன்னிப்பார்?
- ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்பு மகளே, உன் கடிதத்தை 2 நாள் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்து, அப்புறம்தான் பேனாவை எடுத்தேன். அந்த அறையின் வாடை எனக்குத் தெரியும். என் அம்மாவைக் கடைசி 3 வருடம் நான்தான் பார்த்தேன். ஒருநாள் ஊட்டிய கஞ்சியை அவர்கள் துப்பியதும் தட்டைத் தரையில் எறிந்துவிட்டேன். எவர்சில்வர் தட்டு உருண்டுபோய்க் கட்டில் காலில் மோதி நின்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த மாதம் நானும் திருவிருந்துக்குப் போகவில்லை. அன்று அப்பம் கொடுத்தவர் ஆயரான என் கணவர். நான் எழுந்து வராததைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் எதுவும் கேட்காமல் 1 கொரிந்தியர் 11:28-ஐ வாசிக்கச் சொன்னார். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்று வாசித்தேன். "சோதித்தறிந்து விலகியிரு என்று அதில் எங்கே இருக்கிறது?" என்றார். அந்த அதிகாரத்தில் பவுல் கடிந்துகொள்வது, இல்லாதவர்கள் பசியோடிருக்கத் தாங்கள் முந்திக்கொண்டு தின்று வெறித்தவர்களை. அழுதுகொண்டு வருகிறவளை அவர் எங்கேயும் தடுக்கவில்லை.

இரட்சிக்கப்பட்டவள்தானா என்று கேட்டாயே, ஆண்டவருடைய சீஷன் பேதுருவைப் பார். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் கரிநெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்தார் (யோவான் 18). அப்புறம் 21-ஆம் அதிகாரத்தில் கடற்கரையில் மறுபடியும் கரிநெருப்பு. கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது வராது. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு அந்த ராத்திரி ஞாபகம் வராமலா இருந்திருக்கும்? ஆண்டவர் அந்த நெருப்பில் மீன் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார்.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். எனக்கு ஆறுதல் தருவது பிற்பாடு நடந்ததுதான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டு 3000 பேர் சபையில் சேர்க்கப்பட்டார்கள். அவருக்காகச் சிறைச்சாலைக் கதவு திறந்தது. அப்பேர்ப்பட்ட பேதுரு அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார் (கலாத்தியர் 2). அன்று ராத்திரி வேலைக்காரப் பெண் கேட்டபோது ஆண்டவரை மறுதலிக்கவைத்த அதே மனுஷபயம், அத்தனை வருடம் கழித்தும்! பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். ஆனால் நீ அப்போஸ்தலனே இல்லை என்று ஒருபோதும் சொல்லவில்லை.

லூக்கா 22:32-ஐ எடுத்து வாசி. பேதுரு விழுவதற்கு முன்பே ஆண்டவர் வேண்டிக்கொண்டது, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு" என்றுதான். உன் விசுவாசம் ஒழிந்துபோயிருந்தால் விடியற்காலையில் யாரிடம் போய் அழுகிறாய், மகளே? அந்த அழுகையே அவருடைய ஜெபத்தின் பலன் என்று நான் நம்புகிறேன். எத்தனை தடவை என்று முதலில் கேட்டவரும் பேதுருதான். ஏழெழுபதுதரமட்டும் மன்னி என்று நமக்குச் சொன்னவர், தாம் மன்னிக்கும்போது கணக்குப் பார்ப்பாரா?

சரி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தேவனிடம் கேட்ட மன்னிப்பை உன் மாமியாரிடம் கேட்டாயா? கடிதத்தில் அது இல்லை. அந்த வார்த்தைகள் விழுந்தது அவர்கள் காதில். பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, நேற்று ராத்திரி நான் பேசியது தப்பு" என்று சொல். நான் கேட்டபோது என் அம்மா பதிலே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கஞ்சி இருந்தால் கொடு" என்றார்கள்.

இன்னொன்று. தூக்கம் கெட்டு உடம்பு சோர்ந்துபோவது பாவம் இல்லை. சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவைத் தேவன் அதட்டவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். உன் கடிதத்தில் உன் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அவருடைய அம்மா அல்லவா? வாரத்தில் 3 ராத்திரி அவர் பார்க்கட்டும். இந்தப் பதிலையே அவரிடம் காட்டு. ராத்திரிக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கிப் போடு, அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். 2021 முதல் நடக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரி.

இன்று ராத்திரியே உன் குரல் மறுபடியும் உயரலாம். உயர்ந்தால் காலையில் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேள், ஆண்டவரிடமும் அத்தையிடமும். அடுத்த திருவிருந்து ஆராதனைக்குக் கட்டாயம் போ. ஆராதனை முடிந்ததும் உங்கள் ஆயரைப் பார்த்து, படுக்கையில் இருக்கிற அத்தைக்கும் வீட்டில் வந்து திருவிருந்து கொடுக்கச் சொல். அவர் வரும்போது கட்டில் ஓரத்தில் நீயும் முழங்கால்படியிட்டு, அத்தையோடு சேர்ந்து வாங்கிக்கொள்.