கோடு போன வேகம்

வணக்கம் சார்,

பத்து வருஷம் பரதம் கற்றவள் நான். இப்போது ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து, முன்கூட்டி எதுவும் அமைத்துக்கொள்ளாமல் ஆடிப் பழகுகிறோம். சென்ற மாதம் எங்களுக்கு வகுப்பெடுத்த ஒருவர், “முதலில் ஒரு படம் வரையுங்கள், பிறகு அதை ஆடுங்கள்” என்றார். நான் ஒரு சுருள் வரைந்தேன்; எழுந்து சுற்றிச் சுற்றி வந்தேன். மலை வரைந்தவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூம்பாகக் குவித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. போதாததற்கு, எப்படி ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிஷம் முழங்காலை மடித்துப் பரதத்தின் அரைமண்டியில் வந்து நிற்கிறேன். படத்திலிருந்து நடனம் உண்மையிலேயே வருமா? எனக்கு வரையவும் வராது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரித்தது சரிதான். நீங்கள் ஆடியது படத்தின் பெயரை. ‘சுருள்’, ‘மலை’ என்று மனம் பெயர் வைத்த மறுகணமே உடம்பு அந்தப் பெயருக்கு அபிநயம் பிடித்துவிட்டது. பரதம் கற்றவருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மலை என்றால் கை தயாராக இருக்கிறதே!

இதே சறுக்கல் எதிர்த்திசையிலும் உண்டு. 1926இல் ஓவியர் காண்டின்ஸ்கி, கிரெட் பலுக்கா என்ற ஜெர்மன் நடனக்காரியின் நான்கு புகைப்படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சில கோடுகளாகவும் வளைவுகளாகவும் சுருக்கி வரைந்தார். எனக்குப் பிடித்த படங்கள்தான். ஆனால் பலுக்காவின் பெயர் பரவியது பாய்ச்சலால். பாய்வதற்கு முன் தரையை மிதித்த மிதியும், இறங்கும்போது முழங்கால் வாங்கிக்கொண்ட எடையும் அந்தக் கோடுகளில் இல்லை. அவற்றைப் பார்த்து ஆடினால் போஸ்தான் வரும்.

தைவானில் நடன அமைப்பாளர் லின் ஹ்வாய்-மின் வேறு வழியில் போனார். க்ளவுட் கேட் குழுவுக்காக 2001இல் ‘கர்சிவ்’ என்ற நடனத்தை உருவாக்கும்போது, சீனத் தூரிகை எழுத்துகளைப் பெரிதாக்கி நடனக்காரர்களின் முன் வைத்து, அந்த இடத்திலேயே அவர்களை ஆடச் சொன்னார். எழுத்தின் வடிவத்தை உடம்பால் செய்து காட்டுவது அங்கே வேலையில்லை. மை போன வழியைப் பின்தொடர வேண்டும். தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது, எங்கே மை வற்றி வெள்ளை வெள்ளையாகக் கீறல் விட்டது, எங்கே தாளை விட்டு எழும்பிக் காற்றில் போய் மறுபடி இறங்கியது என்பதெல்லாம் தாளிலேயே பதிந்திருக்கிறது. எழுதியவர் அந்த நேரத்தில் விட்ட மூச்சையே படித்துவிடலாம் போல. கோடு என்பது ஒரு கை ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டம். ஆகவே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கோடு போன வேகத்தை.

வரைய வராது என்கிறீர்கள். ஒரு நண்பரின் நடன ஒத்திகையில் அரையிருட்டில் உட்கார்ந்து வரைந்தேன். ஒரு பக்கத்தில் தாளைத் திருப்ப மறந்து, மூன்று படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குப்பையாகிவிட்டது. அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார், அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் நன்றாக வந்ததாக நினைத்த முகங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை!

அமெரிக்காவில் நடனக்காரி ட்ரிஷா பிரவுன் இதன் எல்லைக்கே போனார். 2003இல் ஃபிலடெல்ஃபியாவில் ‘இட்ஸ் எ டிரா’ என்ற நிகழ்ச்சியில், தரையில் விரித்த பெரிய தாளின்மேல் கையாலும் காலாலும் கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு ஆடினார். பார்வையாளர்கள் வேறோர் இடத்தில் இருந்து காமிரா வழியாகப் பார்த்தார்கள். விழுந்தால் கோடு, புரண்டால் தீற்றல். அங்கே எது வரைதல், எது நடனம் என்று பிரிக்கவே முடியாது.

அப்புறம் அரைமண்டி. அதோடு சண்டை போடாதீர்கள், பத்து வருஷம் உட்கார்ந்த இடம் அது. கோடு எங்கிருந்து புறப்படுகிறது என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஃபிராங்ஃபர்ட்டில் பாலே குழு நடத்திய வில்லியம் ஃபோர்சைத், உடம்பின் எந்தப் புள்ளியாலும் காற்றில் கோடு இழுக்கலாம் என்று பழக்கினார். அதை விளக்கி 1999இல் ஒரு சிடியும் வந்தது. அவர் முழங்கையையோ தோளையோ அசைக்க, அது போன வழி திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். நமக்கு நாட்டியாரம்பத்திலேயே, அதாவது பரதத்தில் கையை நீட்டித் தொடங்கும் நிலையிலேயே, கோடு விரல் நுனிவரை ஓடிவிடுகிறது. முழங்கையோடு நிறுத்துங்கள். மணிக்கட்டு என்ன செய்வது என்று தெரியாமல் திணறும். அந்தத் திணறல்தான் உங்களுக்கு வேண்டும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால், ஒரு நிமிஷம் கோடு இழுங்கள். பொருள் எதையும் வரைய வேண்டாம். பார்த்ததும், பென்சில் மிக அழுத்தமாக விழுந்த ஓரிடத்தையும் தாளை விட்டு எழும்பிய ஓரிடத்தையும் குறித்துக்கொண்டு தாளைக் கவிழ்த்துவிடுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை மட்டும் ஆடுங்கள். பாட்டு வேண்டாம், தாளம் வந்தால் கால் அடவைத் தேடிப் போய்விடும். பக்கத்தில் இருப்பவரின் தாளை வாங்கியும் ஆடலாம், உங்கள் கோடு உங்களுக்கு ரொம்பப் பழகியது.

பிரவுன் மாதிரி கரியோடு தரையில் இறங்குவதானால் தாளின் ஓரமெல்லாம் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் காலோடு வழுக்கிக்கொண்டு வரும். வீட்டுக்காரர் நல்லவராக இருந்தாலும் மொசைக் தரையில் கரி எளிதில் போகாது. அடியில் ஒரு பழைய பெட்ஷீட்டும் போட்டு, அதன் ஓரத்தையும் தரையோடு ஒட்டிவிடுங்கள்.