ஹைவே 401-உம் ஓல் சீசன் ரயரும்: பனிக்காலக் கேள்வி பதில்

கனடாவில ரொறன்ரோவிலயிருந்து மொன்றியல், ஒட்டாவா, பரி பக்கம் பனிக்காலத்தில ஓடுறவையின்ர கேள்விகள் இவை. ஒரு விசயம் எல்லாப் பதிலுக்கும் பொது: நாலு சக்கரத்துக்கும் ஒரே வகை ரயர்.

ஸ்காபரோ: அண்ணை, 2020 கொரோலா, 205/55ஆர்16. மாசத்தில ரெண்டு தரம் மொன்றியல் போறனான். அப்பார்ட்மென்ற்றில ரெண்டாவது செட் வைக்க இடமில்லை. நல்ல ஓல் சீசன் ஒண்டு வருசம் முழுக்கக் காணுமோ?

வெறும் ஓல் சீசன் காணாது. ஓல் வெதர் எண்டு விக்கிறது வேற சாமான், அதைப் பாருங்கோ. சாதாரண ஓல் சீசன்ர ரப்பர் 7 பாகைக்குக் கீழ இறுகத் தொடங்கும். மைனஸ் 10, 15இல ஸ்னோ இல்லாத காய்ஞ்ச றோட்டிலயே பிறேக் தூரம் கூடிப்போகும். ஓல் வெதர் ரப்பர் அந்தக் குளிருக்கும் கொஞ்சம் மெதுமையாய் நிக்கும், ஜூலை வெயிலுக்கும் தாங்கும். மிஷெலின் குரொஸ்கிளைமேற் 2, நோக்கியன் டபிள்யூஆர்ஜி வரிசை, டோயோ செல்சியஸ், பிரிஜ்ஸ்டோன் வெதர்பீக் எல்லாம் இந்த வகை. ஐஸில இதுகள் அசல் வின்ரர் ரயரை எட்டாது. அடிக்கடி உப்புப் போடுற 401இல ஓடுறவருக்கு அது பொறுக்கக்கூடிய குறை. நாட்டுப்புற றோட்டில, மேடு பள்ளத்தில இருக்கிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டன்.

வாங்கேக்க மூண்டு விசயம் பாருங்கோ. லோட் இன்டெக்ஸ், அதாவது ரயர் தாங்கிற பாரத்தின்ர எண், காரின்ர கதவுத் தூணில ஒட்டியிருக்கிறதுக்குக் குறையக் கூடாது. உங்கட அளவுக்கு 91, அதாவது ஒரு ரயருக்கு 615 கிலோ. ரெண்டாவது, பக்கச் சுவரில டிஓடி (DOT) எண்டு தொடங்கிற இலக்கத்தின்ர கடைசி நாலு எண். 2323 எண்டால் 2023ஆம் வருசம் 23ஆவது கிழமை செய்தது. மலிவு விலைக்கு வாற 'புது' ரயர் சிலது கடையில நாலைஞ்சு வருசம் கிடந்ததாய் இருக்கும். மூண்டாவதுதான் முக்கியம்: தவாளிப்பின்ர ஆழம். புதுசில 8 மிமீ அளவு இருக்கும். ஒன்ராறியோச் சட்டம் 1.5 மிமீ வரைக்கும் விடும், ஸ்னோ விடாது. 4 மிமீக்குக் கீழ போனால் ஓல் வெதரும் கோடை ரயர்தான். பல ரயரில ஸ்னோவைப் பிடிக்கிற மெல்லிய கீறல்கள் அடிவரைக்கும் போறதில்லை, பாதி தேயேக்கயே மறைஞ்சிடும்.

அளக்க ஒரு ரூனி, அதாவது ரெண்டு டொலர் காசு, காணும். அதின்ர வெளி வெள்ளி வளையம் ஐந்தரை மிமீ அளவு அகலம். தவாளிப்புக்குள்ள குத்தி வையுங்கோ. வளையம் முழுக்க மறைஞ்சால் சரி. மூண்டில ஒரு பங்கு வெளியில தெரிஞ்சால் 4க்குக் கீழ வந்திட்டுது. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூண்டு இடத்திலயும் பாருங்கோ. உள்விளிம்பு மட்டும் தேய்ஞ்சிருந்தால் அலைன்மென்ற் (சக்கரம் நிக்கிற கோணம்) பிழை. அதைச் செய்யாமல் புது ரயர் போட்டால் அதுவும் அதே மாதிரித்தான் தேயும்.

பிராம்டன்: அண்ணா, என் டயர்ல எம் பிளஸ் எஸ்னு போட்டிருக்கு. அப்ப அது வின்டர் டயர்தானே?

இல்லை. அது 'மட் அன்ட் ஸ்னோ', சேறும் ஸ்னோவும் எண்ட குறி; தவாளிப்பின்ர வடிவத்தை வைச்சுக் கொம்பனி தானே அடிக்கிறது, ஒரு சோதனையும் தேவையில்லை. மூண்டு முகட்டு மலைக்குள்ள ஸ்னோத் துகள் இருக்கிற குறியைத் தேடுங்கோ. அது 1999இல வந்தது. இறுகின ஸ்னோவில, ஒப்பிட வைச்ச ஒரு பொது ரயரை விடக் குறைஞ்சது 10 வீதம் கூடப் பிடிச்சால்தான் அடிக்கலாம். ஆனால் அந்தச் சோதனை இழுவைக்கு மட்டும். பிறேக், வளைவு, ஐஸ் ஒண்டும் அதில இல்லை. மலைக்குறி இருக்கிற எல்லாம் ஒரே தரம் எண்டு நினைக்கக் கூடாது.

மிசிசாகா: ஓல் வீல் டிரைவ் எஸ்யூவி. அதுக்கும் வேணுமா?

கிளம்ப நாலு சக்கரமும் உதவும். நிப்பாட்ட எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலயும் பிறேக் இருக்கு. வேணும்.

மார்க்கம்: ஸ்னோவில காத்தைக் குறைச்சால் பிடி கூடும். நாங்கள் காத்தழுத்தத்தை 35 பிஎஸ்ஐயிலயிருந்து 28க்கு இறக்கித்தான் ஓடுறது. இதை ஏன் ஒருத்தரும் சொல்லுறதில்லை?

ஹைவேக்கு அது பிழை எண்டதால. குளிர் தானே உங்களுக்காகக் குறைச்சுப் போடும். ஒவ்வொரு 5, 6 பாகைக்கும் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். 20 பாகைக் கராஜில 35 அடிச்ச ரயர் மைனஸ் 15இல விடியக் கிட்டத்தட்ட 29இல நிக்கும். காத்துக் குறைஞ்சதைக் காட்டுற எச்சரிக்கை லைற் பொதுவாக 25 வீதம் குறைஞ்சால்தான் எரியும், அதாவது 26க்குக் கிட்ட. லைற் எரியேல்லை எண்டு நீங்கள் நிம்மதியாய் ஓடுவியள். இதுக்கு மேல நீங்களும் இறக்கினால் பக்கச் சுவர் நெளிஞ்சு, லேன் மாறேக்க கார் பிந்தித்தான் திரும்பும்.

ஏஜாக்ஸ்: மணலில, ஆழமான ஸ்னோவில ஓஃப் றோட்காரர் எல்லாம் குறைக்கினமே. மார்க்கம் அண்ணா சொல்லுறது சரி.

அவை 20 கிலோமீற்றர் வேகத்தில புதையாமல் மிதக்கக் குறைக்கினம். 401இல உங்கட எதிரி ஆழமான ஸ்னோ இல்லை, லொறிகள் ரெண்டு லேனுக்கு நடுவில தள்ளிவிட்ட ஈரச் சகதி. லேன் மாறேக்க அந்த வரம்பை ரயர் வெட்டிக்கொண்டு போக வேணும். மிதந்தால் ஸ்ரியறிங் கையில ஒண்டும் சொல்லாது. நாசாவில 1963இல வெளிவந்த கணக்கு ஒண்டு இருக்கு: தண்ணியில ரயர் மிதக்கிற வேகம் காத்தழுத்தத்தின்ர வர்க்கமூலத்தோட ஏறி இறங்கும். 36 பிஎஸ்ஐக்கு மணிக்கு 100 கிலோமீற்றர் அளவு வரும். 28க்கு 88.

மார்க்கம்: அது விமான ரயருக்குப் போட்ட கணக்கு. காருக்கு எப்பிடிப் பொருந்தும்?

விமானத்துக்குத்தான், சரி. கார் ரயரில தவாளிப்பு ஆழமாய் இருந்தால் தண்ணி வழிஞ்சு போகும், மிதக்கிற வேகம் கூடும். அதனால 88 எண்ட எண்ணைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. காத்து குறையக் குறைய அந்த வேகம் இறங்கும் எண்டதில மாற்றமில்லை. தேய்ஞ்ச ரயரையும் குறைஞ்ச காத்தையும் சேர்த்தால் என்ன நடக்கும் எண்டு நீங்களே பாருங்கோ. விடிய, ஓட முதல், ரயர் குளிராய் இருக்கேக்க அளந்து, கதவுத் தூணில உள்ள எண்ணுக்கு அடியுங்கோ. பக்கச் சுவரில இருக்கிறது ஆகக்கூடின எல்லை, அதைத் தொட வேண்டாம்.

ஏஜாக்ஸ்: அப்ப நைட்ரஜன் அடிச்சால் குறையாதோ?

குளிருக்கு அதுவும் அதே அளவு குறையும். சாதாரணக் காத்திலயும் 78 வீதம் நைட்ரஜன்தான். காசை ரயருக்குப் போடுங்கோ.

விற்பி: என்ர ரயரிலயும் எம் பிளஸ் எஸ் இருக்கு...

பிராம்டனுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கோ.

பிக்கரிங்: முன்சக்கரம் இழுக்கிற கார். காசு இப்ப ரெண்டுக்குத்தான் இருக்கு. முன்னுக்கு மட்டும் ரெண்டு வின்ரர் ரயர் போடலாமோ?

போடக் கூடாது. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் விடும். ஹைவே வளைவில அல்லது இறங்குற றாம்பில பிறேக்கைத் தொட்டதும் கார் தன்ர வாலைத் துரத்தும். நாலும் ஒண்டாய். காசில்லையெண்டால் நாலு மலிவான மலைக்குறி ரயர் போடுங்கோ, ரெண்டு விலை கூடினதை விட அது நல்லது.

ஸ்காபரோ: மொன்றியல் போறதுக்கு வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயமோ? இன்சூரன்ஸ் குறையுமோ?

கியூபெக்கில டிசம்பர் 1இலயிருந்து மார்ச் 15 வரைக்கும் கட்டாயம், மலைக்குறியும் வேணும். ஆனால் அந்தச் சட்டம் கியூபெக்கில பதிஞ்ச காருக்கு. ஒன்ராறியோ பிளேட்டுக்கு இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பாதைகளில எம் பிளஸ் எஸ்ஸும் ஏற்பினம், 3.5 மிமீ ஆழம் இருக்க வேணும். ஒன்ராறியோவில கட்டாயமில்லை. 2016 ஜனவரி 1இலயிருந்து வின்ரர் ரயருக்கு இன்சூரன்ஸ் கொம்பனிகள் கழிவு குடுக்க வேணும். ஓல் வெதரை எல்லாக் கொம்பனியும் ஏற்கிறதில்லை. வாங்க முதல் கேட்டு, பதிலை எழுத்தில எடுங்கோ, ரசீதையும் எறியாதேங்கோ.

பரி: ஆணி வைச்ச ரயர்?

வடக்கு ஒன்ராறியோவில வசிக்கிறவைக்கு மட்டும்தான் விடுவினம்.

மில்ரன்: ஐந்து தொன் லொறிக்கு எது நல்லது?

லொறி ரயர் என்ர துறை இல்லை. அந்த ரயர் போடுற கடையிலதான் கேட்க வேணும்.

ஓஷாவா: ரயர் மாத்தின கையோட ஒட்டாவா போகலாமோ?

போகலாம். ஆனால் 50இலயிருந்து 100 கிலோமீற்றருக்குள்ள ஒருக்கால் நிப்பாட்டி, ரோர்க் றென்ச்சால (அளவு பாத்து இறுக்கிற சாவி) நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கோ. கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், சிவிக்குக்கு 108. றிம்முக்கும் ஹப்புக்கும் (சக்கரம் பூட்டுற நடுப்பகுதி) நடுவில கிடந்த துரு நசுங்கினதும் நட்டு தளரும். கம்பிப் பிரஷ்ஷால ஹப் முகத்தைத் தேய்க்கச் சொல்லுங்கோ. குரொஸ்கிளைமேற் 2 மாதிரி ஒரு பக்கம் மட்டும் உருள வேண்டிய ரயர் எண்டால், பக்கச் சுவரில இருக்கிற அம்புக்குறி முன்னுக்குப் பாக்குதோ எண்டும் பாருங்கோ. இடம் மாத்தேக்கயும் முன்-பின் மட்டும்தான், வலம்-இடம் மாத்தக் கூடாது.

நியூமார்க்கெற்: 28 பிஎஸ்ஐ பற்றி...

இல்லை. 28 வேண்டாம்.

மார்க்கம்: சரி அண்ணை, கதவுத் தூணில ஒட்டினது கிழிஞ்சு போச்சு. எண்ணை எங்க பாக்கிறது?

ஓனர்ஸ் மானுவலில இருக்கும். உங்கட றிம் அளவுக்குரிய வரியைப் பாருங்கோ. முன்னுக்கும் பின்னுக்கும் எண் வேறயாய் இருந்தால் அப்பிடியே அடியுங்கோ.