அந்தரத்தில் எத்தனை வினாடி?

கேள்வி: பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறேன். நல்ல ஆட்டக்காரர்கள் எம்பினால் இரண்டு மூன்று வினாடி அந்தரத்தில் நிற்பார்கள் என்று என் தோழி அடித்துச் சொல்கிறாள். கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா ஐயா? (பதினோராம் வகுப்பு மாணவி)

பதில்: தாராளமாக முடியும். உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரே ஒரு சமன்பாடு போதும். எம்பிய உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை 8-ஆல் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பத் தரை தொடும்வரை ஆகும் நேரம் வினாடியில் கிடைத்துவிடும். 9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம். 8 எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமம் என்பதுதான் துப்பு.

அரை மீட்டர் எம்பினால் 0.64 வினாடி. ஒரு மீட்டர் எம்பினால் 0.90. ஒரு மீட்டர் என்பதே அபூர்வமான எம்பல். முழுசாக ஒரு வினாடி வேண்டுமென்றால் ஏறக்குறைய 1.23 மீட்டர் எழும்ப வேண்டும். தோழி சொல்லும் இரண்டு வினாடிக்கு? 4.9 மீட்டர். கூடைப்பந்து வளையம் இருப்பதோ 3.05 மீட்டர் உயரத்தில். அப்படி ஒருவர் எம்பினால் அவருடைய பாதமே வளையத்தைத் தாண்டிப் போய்விடும். பந்தைப் போடக் குனியவேண்டியிருக்கும். மூன்று வினாடிக்கு 11 மீட்டர். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆனால் உங்கள் தோழியை ஒரேயடியாகக் கேலி செய்துவிடாதீர்கள். அவள் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது நிஜம், அதற்குக் காரணமும் அதே கணக்கில்தான் இருக்கிறது. விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உச்சியிலிருந்து கீழே வர ஆகும் நேரத்தில் முதல் பாதியில் கால்வாசி தூரம்தான் இறங்கியிருப்பீர்கள்; மிச்ச முக்கால்வாசியை இரண்டாவது பாதியில் அவசர அவசரமாக இறங்குவீர்கள். ஏறும்போதும் இதே கதை, தலைகீழாக. ஆக, ஒரு மீட்டர் எம்பியவர் மேலே உள்ள 25 செ.மீ.க்குள்ளேயே மொத்த நேரத்தில் சரிபாதியைக் கழிக்கிறார். நம் கண் பதிந்திருப்பதும் அங்கேதான். உச்சியில் காலைத் தூக்கி விரிக்கும் நடனக் கலைஞர்கள் இதற்கு மேலும் ஒரு வித்தை செய்கிறார்கள். கால் மேலே வந்தால் உடலின் ஈர்ப்பு மையம் உடலுக்குள்ளேயே சற்று மேலே நகரும். அந்த மையம் தன் வளைகோட்டுப் பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, தலை மட்டும் சிறிது நேரம் ஒரே மட்டத்தில் மிதப்பதுபோல் தெரியும். நேரம் ஒரு துளிகூடக் கூடவில்லை. இதைப் பார்த்துவிட்டு 'காற்றில் நிற்கிறார்' என்று கூவும் வர்ணனையாளர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை. சுவரில் கை எட்டும் உயரத்தைக் குறித்து, பிறகு எம்பித் தொட்டு வித்தியாசம் பார்ப்பது வழக்கம். பாதம் முழுக்கத் தரையில் படிய நின்று முதல் குறியைப் போட்டால் கணக்கு தப்பும். கால் தரையை விடும் கணத்தில் நீங்கள் நுனிக்காலில் இருக்கிறீர்கள். குதிகால் உயர்ந்த அந்தச் சில சென்டிமீட்டர்கள் காற்றில் கிடைத்தவை அல்ல. நுனிக்காலில் நின்றே முதல் குறியைப் போடுங்கள்.

கேள்வி: எடை அதிகமானவர் சீக்கிரம் கீழே வந்துவிடுவாரா?

பதில்: மேலே சொன்ன கணக்கில் எடை எங்கேயாவது வந்ததா? எடையின் வேலையெல்லாம் தரையை விடும்வரைதான்: அத்தனை எடையைத் தூக்கி எறியக் காலில் வலு வேண்டும். அதன்பின் ஒல்லிக்கும் பருமனுக்கும் ஒரே விதி. ஓடி வந்து தாண்டினாலும் அப்படித்தான். முன்னோக்கிய வேகம் தூரத்தைக் கூட்டும், அதுவாக நேரத்தைக் கூட்டாது.

கேள்வி: எங்கள் பயிற்சியாளர் செல்போனில் வீடியோ எடுத்து எம்பும் உயரத்தைச் சொல்கிறார். எப்படி?

பதில்: அதே சமன்பாட்டைத் திருப்பிப் போடுகிறார். வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில், கால் தரையை விட்ட படத்திலிருந்து தொட்ட படம்வரை எண்ணினால் 153 வருகிறது என்று வையுங்கள். 0.64 வினாடி. அதன் வர்க்கத்தை 9.8-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் அரை மீட்டர். இத்தாலியரான கார்மெலோ போஸ்கோவும் சகாக்களும் 1983-இல் வெளியிட்ட தாவல் சோதனையின் அடிப்படையும் காற்றில் இருக்கும் நேரம்தான்.

இதில் ஒரு திருட்டு வழி உண்டு. இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டால் பாதம் தாமதமாகத் தரை தொடும். 0.64 என்பது 0.70 ஆனால் போதும், எம்பாத 10 செ.மீ. கணக்கில் ஏறிவிடும். எம்பியபோது இருந்ததுபோலவே காலை நீட்டி, நுனிப்பாதத்தில் இறங்கினால்தான் அளவு செல்லும் என்று உங்கள் பயிற்சியாளர் விதி வைக்கட்டும்.

கேள்வி: நிலாவில் குதித்தால்?

பதில்: குதித்தே காட்டியிருக்கிறார்கள். 1972 ஏப்ரலில் அப்போலோ 16-இல் போன ஜான் யங், விண்வெளி உடையும் முதுகுச் சுமையுமாகக் கொடிக்குப் பக்கத்தில் எம்பியபடியே சல்யூட் அடித்தார். எழும்பியது சுமார் 42 செ.மீ.தான்; காற்றே இல்லாத அந்த அந்தரத்தில் இருந்தது ஏறக்குறைய 1.45 வினாடி. இங்கே அதே உயரத்துக்கு 0.59 வினாடிதான் கிடைக்கும். 9.8-க்குப் பதில் 1.62 போட்டு நீங்களே சரிபாருங்கள்.