நிலப் பத்திரம் நம் பெயரில், மொபைல் ஹோம் யார் பெயரில்? டெக்சாஸ் கேள்வி பதில்

கேள்வி: டெக்சாஸில் 2 ஏக்கர் நிலத்தை, மேலே நிற்கும் டபுள் வைடு வீட்டோடு (தொழிற்சாலையில் இரண்டு பாதியாகக் கட்டி, கொண்டுவந்து சேர்த்த மொபைல் ஹோம்) வாங்கினோம். பத்திரம் பதிவாகிவிட்டது. வீடும் எங்களுடையதுதானே?

பத்திரத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. டெக்சாஸில் இந்த வகை வீடு அசையும் சொத்தாகத்தான் தொடங்குகிறது. அதன் உரிமையைக் காட்டும் ஆவணம் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப்'. அதைத் தருவது மாநில வீட்டுவசதித் துறையின் மேனுஃபாக்சர்டு ஹவுசிங் பிரிவு. அதில் பழைய உரிமையாளர் பெயரே இருந்தால், நிலம் உங்களுடையது, வீடு பதிவில் இன்னும் அவருடையது. துறையின் இணையதளத்தில் லேபிள் எண்ணையோ சீரியல் எண்ணையோ போட்டுப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, கடன் அல்லது வரி வில்லங்கம் பதிவாகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இதை முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். இப்போதாவது இன்றே பாருங்கள்.

கே: அந்த எண்கள் எங்கே இருக்கும்?

1976 ஜூன் 15-க்குப் பின் கட்டிய வீடுகளில் ஒவ்வொரு பாதிக்கும் வெளிச்சுவரின் பின்கோடியில் சிவப்பு உலோகத் தகடு அறைந்திருக்கும். அதுதான் ஹட் (HUD, மத்திய வீட்டுவசதித் துறை) லேபிள். டபுள் வைடு என்றால் இரண்டு தகடு, இரண்டு எண். வெளிச்சுவருக்குப் புதிதாகப் பலகை அடித்தவர்கள் அதைப் பிடுங்கி எறிந்திருப்பது வழக்கம். அப்போது வீட்டுக்குள் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், மின்பெட்டி அருகில், படுக்கையறை அலமாரி ஆகிய இடங்களில் டேட்டா பிளேட் என்ற, வீட்டின் எண்களும் விவரங்களும் அச்சிட்ட காகிதத்தைத் தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் வீட்டடியில் நுழைய வேண்டியதுதான். இரும்புச் சட்டத்தின் முன்கோடிக் குறுக்குக் கம்பியில் சீரியல் எண் குத்தியிருக்கும். துரு ஏறியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். ஓர் எழுத்து தப்பினாலும் விண்ணப்பம் திரும்பிவரும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கே: சக்கரம், அச்சு எல்லாம் கழற்றி சிமென்ட் அடித்தளத்தில் உட்கார வைத்தாயிற்று. இனி அது அசையாச் சொத்துதானே?

இல்லை. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். நிலத்தோடு பொருத்தியிருப்பது ஒரு நிபந்தனை மட்டுமே. நிலம் உங்கள் பெயரில், அல்லது துறை ஏற்கும் நீண்டகாலக் குத்தகையில் இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப்புக்கான விண்ணப்பமான படிவம் 1023-இல் 'ரியல் ப்ராபர்ட்டி' (அசையாச் சொத்து) என்று தேர்வு செய்து, கட்டணம் 55 டாலரோடு அனுப்ப வேண்டும். வீட்டின்மேல் கடன் இருந்தால், கடன் கொடுத்தவரின் விடுவிப்போ எழுத்துப்பூர்வச் சம்மதமோ இல்லாமல் மாற்றித் தரமாட்டார்கள்.

துறையிடமிருந்து புதிய ஸ்டேட்மென்ட்டின் சான்றிட்ட நகல் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து அதை மேசையில் போட்டுவிடுகிறார்கள். அதை வழங்கிய 60 நாளுக்குள் அந்த நகலைக் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) கிளார்க்கின் நிலப் பதிவேட்டில் பதிந்து, பதிந்த விவரத்தைத் துறைக்கும் வரி மதிப்பீட்டு அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதுவரை சட்டத்தின் கண்ணில் வீடு அசையும் சொத்துதான். பின்னால் நிலத்தோடு சேர்த்து விற்கும்போது, சொத்தின் உரிமையையும் வில்லங்கத்தையும் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி இந்த ஒரு காகிதத்துக்காகவே கிரயத்தை நிறுத்திவைக்கும்.

கே: விற்றவர் வரி பாக்கி வைத்திருந்தால்?

பெயர் மாற்றமே நின்றுவிடும். விற்ற தேதிக்கு முந்தைய 18 மாதத்துக்குள் வந்த ஒவ்வொரு ஜனவரி 1-க்கும் உரிய வரி பாக்கியில்லை என்று கவுண்டி வரி வசூல் அலுவலகத்தில் எழுதி வாங்கி இணைக்க வேண்டும். நிலவரி கட்டிய ரசீது இதற்குப் போதாது. வீட்டுக்குத் தனி வரிக் கணக்கு இருக்கக்கூடும். பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கும் விற்பனையிலிருந்து 60 நாள்தான். விற்றவர் ஊரைவிட்டுப் போகும் முன் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

கே: எங்கள் நிலத்தில் யாரோ விட்டுப்போன வீடு நிற்கிறது. எங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் அவசரப்பட்டுப் பூட்டை உடைக்காதீர்கள். வீடு தொடர்ந்து 4 மாதமாவது ஆளில்லாமல் கிடக்க வேண்டும். வீட்டுக் கடனோ வாடகையோ பாக்கியும் இருக்க வேண்டும். பதிவிலுள்ள உரிமையாளர், கடன் கொடுத்தவர், வரி வசூல் அலுவலகம் என அனைவருக்கும் சான்றளிக்கப்பட்ட தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். 45 நாளில் யாரும் வீட்டை அகற்றாவிட்டால், உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். தபால் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். கடன் கொடுத்தவர் ஒரே ஒருவருக்கு அறிவிப்பு விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

கே: அசையாச் சொத்தாக மாற்றிய வீட்டைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோகலாமா?

முதலில் அதைத் திரும்ப அசையும் சொத்தாக்க வேண்டும். நிலத்தின் மீதான அடமானம் இப்போது வீட்டையும் பிடித்திருக்கும் என்பதால், வில்லங்கம் இல்லை என்பதற்கு டைட்டில் கம்பெனியின் அறிக்கை கேட்பார்கள். வீடு குடியிருக்கத் தகுந்ததா என்ற ஆய்வும் உண்டு. லாரிக்கு முன்பணம் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.