அவர் கொண்டாடும் புத்தகம் எனக்கு ஏன் ஓடவில்லை? – வாசகர் கேள்வி பதில்

ஒரே புத்தகத்தை மதிப்பிடுவதில் வாசகர்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள்? அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: நானும் என் தோழியும் ஏறக்குறைய ஒரே மாதிரியான புத்தகங்களைத்தான் வாசிப்போம். அண்மையில் ஒரு நாவலை அவள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறாள். எனக்கு 80 பக்கத்துக்கு மேல் நகரவில்லை. எங்களில் யாருக்கு வாசிக்கத் தெரியவில்லை?

பதில்: இருவருக்கும் தெரியும். நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர், வாசகரைப் புத்தகத்துக்குள் அழைத்துப்போகும் வாசல்கள் நான்கு என்றார்: கதை, பாத்திரம், களம், மொழி. எந்த நாவலிலும் நான்கும் இருக்கும், அளவுதான் மாறும். கதைக்காக வாசிப்பவருக்கு ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வி சீக்கிரம் எழுந்தாக வேண்டும். மொழிக்காக வாசிப்பவர் அந்தக் கேள்வி எழாமலேயே 300 பக்கம் போய்விடுவார். களத்துக்காக வாசிப்பவர், மற்றவர் தாண்டிச் செல்லும் வர்ணனைகளில்தான் நிற்பார்.

உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பது எளிது. மிகவும் பிடித்த ஐந்து புத்தகங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஏன் பிடித்தது என்று ஒரே ஒரு வாக்கியம். பிறகு ‘அருமை’, ‘அற்புதம்’, ‘மனத்தைத் தொட்டது’ போன்றவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சும் சொற்களில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். தோழியையும் இதையே செய்யச் சொல்லி இரண்டு தாள்களையும் பக்கத்தில் வையுங்கள். ஐந்து புத்தகமும் ஒன்றாகவே இருந்தாலும் காரணங்கள் வேறாக இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். இதுவரை இருவரும் ஒத்துப்போனது, அந்தப் புத்தகங்களில் இருவருக்கும் வேண்டியது இருந்ததால்.

அதோடு, ரசனை வேறுபாடு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி ரசனையே அல்ல. இருபது பாத்திரங்கள் உள்ள நாவலைத் தூங்கப்போகும் முன் ஐந்தைந்து பக்கமாக வாசித்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோகும், அலுப்பு வரும், பழி நாவலின் மேல் விழும். பின்னட்டை ‘விறுவிறுப்பான மர்மம்’ என்று சொல்லி, உள்ளே இருப்பது ஒரு குடும்பத்தின் மெதுவான சிதைவு என்றால், நீங்கள் வாசிப்பது அந்த நாவலை அல்ல, வராத மர்மத்தை. ஆகவே ஒரு முறை, வேறு வேலை இல்லாத நேரத்தில், முதல் 40 பக்கத்தை ஒரே அமர்வில் வாசித்துப் பாருங்கள். அப்போதும் ஓடவில்லை என்றால் அது ரசனை. அதில் தவறு ஒன்றும் இல்லை.

கேள்வி: ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்கும் ‘புத்தகம் நன்றாக இல்லை’ என்பதற்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா? எல்லாம் அவரவர் ரசனை என்றால் விமர்சனம் எதற்கு?

பதில்: வேறுபாடு உண்டு. முதலாவது உங்களைப் பற்றிய செய்தி. யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது புத்தகத்தைப் பற்றிய கூற்று. பக்கத்தைத் திறந்து காட்டியாக வேண்டும்.

இதற்கான கருவி நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஒரு நூலில் வரக்கூடாத குற்றங்கள் பத்து, இருக்க வேண்டிய அழகுகள் பத்து என்று பட்டியல் தருகிறது. அந்தப் பத்துக் குற்றங்களை இன்றைய வாசகர் இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சில குற்றங்களை நிரூபிக்கலாம். கூறியது கூறல்: ஒரே தகவலை எந்தெந்தப் பக்கத்தில் சொல்கிறார் என்று எண்ணிக் காட்டலாம். மாறுகொளக் கூறல்: 40ஆம் பக்கத்தில் இறந்துபோன அண்ணன் 210ஆம் பக்கத்தில் கடிதம் எழுதினால், எந்த ரசனையும் அதைக் காப்பாற்றாது. வழூஉச்சொல் புணர்த்தலும் அப்படியே. பிழையான சொல் யார் வாசித்தாலும் பிழைதான்.

இன்னும் சில, வாசகரைப் பொறுத்து மாறும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல் இரண்டும் எதிரெதிர்க் குற்றங்கள். ஆனால் ஒரே பத்தியைப் பற்றி ஒருவர் ‘விளக்கம் போதவில்லை’ என்பார், மற்றவர் ‘இவ்வளவு எதற்கு?’ என்பார். அந்தத் துறையை ஏற்கெனவே அறிந்தவருக்கு மிகையாகப் படுவது புதியவருக்குக் குறைவாக இருக்கும். இந்த இடத்தில் ‘யாருக்கு மிகை?’ என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சேர்க்காத மதிப்புரை, வாசிப்பவருக்கு உதவாது.

நடுவில் நிற்பது மயங்க வைத்தல். இலக்கணத்துக்கும் சாத்திரத்துக்கும் இது தெளிவான குற்றம். இன்றைய புனைகதையிலோ ஆசிரியர் தெரிந்தே நம்மைக் குழப்பலாம். அதைச் சோதிக்க ஒரு வழி: குழம்பிய இடத்தில் ஒரு அடையாளத் தாளை வைத்துவிட்டு மேலே செல்லுங்கள். முடித்ததும் திரும்பி வந்து அந்த இரண்டு பக்கத்தை மட்டும் மறுபடி வாசியுங்கள். இப்போது அந்தக் குழப்பத்துக்கு ஒரு வேலை இருந்தது புரிகிறதா? புரிந்தால் அது உத்தி. இன்னும் புகைமூட்டமாகவே இருந்தால் குற்றம் என்று எழுதத் தயங்க வேண்டாம்.

வாசகர்கள் அதிகம் ஒத்துப்போகும் புகார் எது தெரியுமா? சென்று தேய்ந்து இறுதல். நன்றாகத் தொடங்கிப் போகப்போக மெலிவது. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாசித்தால், கடைசியில் எத்தனை கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்று காட்ட முடியும். ‘முடிவு சப்பென்று இருந்தது’ என்பதைவிட அது எவ்வளவோ நியாயமான விமர்சனம்.

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் 12 பேர். முதலில் பேசுபவர் என்ன சொல்கிறாரோ அதையே மற்றவர்களும் சொல்கிறார்கள். உண்மையான கருத்துகளை எப்படி வெளியே கொண்டுவருவது?

பதில்: இது உங்கள் குழுவின் பலவீனம் அல்ல, மனிதர்கள் அப்படித்தான். 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனை வெளியானது. அது பாடல்களை வைத்து நடந்தது என்றாலும் புத்தகத்துக்கும் பொருந்தும். அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள். கலந்துகொண்டவர்கள் 14,341 பேர். ஒரு பிரிவினருக்குப் பாடல்களை மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனி ‘உலகங்களாக’ப் பிரித்து, அந்தந்த உலகில் எந்தப் பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதையும் காட்டினார்கள். உலகுக்கு உலகு வெற்றிப் பாடல் மாறியது. மிக நல்லவை பெரும்பாலும் மோசமாகத் தோற்கவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் வெல்லவில்லை. இடையில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. நாம் விவாதிக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை அந்த இடைப்பகுதியில்தான் இருக்கின்றன.

ஆகவே பேச்சுக்கு முன் எழுத்து. கூட்டம் தொடங்கியதும் ஆளுக்கு ஒரு சீட்டு, ஐந்து நிமிடம். மூன்று வரி போதும்: எந்தப் பக்கம் மிகவும் பிடித்தது, எந்தப் பக்கத்தில் கவனம் கலைந்தது, யாருக்கு இதைக் கொடுக்க மாட்டீர்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். தன் ரசனைக்கு வெளியே ஒரு வாசகர் இருக்கிறார் என்று ஒவ்வொருவரையும் நினைக்க வைக்கும். சீட்டுகளைச் சேர்த்துப் பெயர் சொல்லாமல் ஒருங்கிணைப்பாளர் வாசிக்க வேண்டும். ஒரே பக்கத்தை இருவர் பிடித்ததாகவும் இருவர் கவனம் கலைந்த இடமாகவும் எழுதியிருந்தால், விவாதத்தை அங்கேயே தொடங்குங்கள். அந்தப் பக்கத்தை உரக்க வாசித்த பிறகே யாரும் பேச வேண்டும். வழக்கமாக முதலில் பேசுபவருக்குக் கடைசி முறை கொடுங்கள்.

இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சீட்டில் நட்சத்திரமோ மதிப்பெண்ணோ கேட்டுவிடுவார்கள். எண்ணை எழுதியவர் அதன்பின் அந்த எண்ணைக் காப்பாற்றத்தான் பேசுவார்.

கேள்வி: ஒரு சிறுகதைத் தொகுப்புப் போட்டியில் மூன்று நடுவர்கள். ஒவ்வொருவரும் 100க்கு மதிப்பெண் போட்டோம். கூட்டிப் பார்த்தபோது, இருவர் கடைசியில் வைத்த தொகுப்பு முதலிடம் பெற்றுவிட்டது. எங்கே பிழை?

பதில்: கூட்டலில்தான். ஒரு நடுவர் அளவுகோல் முழுவதையும் பயன்படுத்துவார், இன்னொருவர் 65க்கும் 75க்கும் நடுவிலேயே நிற்பார். கூட்டும்போது முதலாமவரின் கை ஓங்கிவிடும்.

மூன்று தொகுப்புகள் என்று கொள்வோம். முதல் நடுவர் அ–வுக்கு 90, ஆ–வுக்கு 50, இ–க்கு 40 போடுகிறார். இரண்டாமவர் முறையே 68, 72, 70. மூன்றாமவர் 67, 71, 69. கூட்டினால் அ 225, ஆ 193, இ 179. அ வெல்கிறது; ஆனால் இரண்டு நடுவர்களுக்கு அதுதான் கடைசி. இதையே தரவரிசையாக மாற்றுங்கள். முதலிடத்துக்கு 1, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 3. இப்போது அ 7, ஆ 4, இ 7. குறைந்த எண் வெல்லும் என்பதால் ஆ தெளிவாக முன்னே வருகிறது.

தரவரிசைக்கும் ஒரு குறை உண்டு. முதல் நடுவருக்கு அ–வின் மேல் இருந்த தீவிரமான பிடிப்பு அதில் மறைந்துவிடுகிறது. யாரும் வெறுக்காத, யாரும் காதலிக்காத தொகுப்பு மேலே மிதந்து வரும். புதுமையான எழுத்து போட்டிகளில் இப்படித்தான் பலியாகிறது. அதைத் தடுக்க, மதிப்பெண்ணோ தரவரிசையோ குறும்பட்டியல் வரைக்கும் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு நடுவரும் மற்றவர்கள் சம்மதமில்லாமல் ஒரு தொகுப்பைக் குறும்பட்டியலில் சேர்க்கலாம் என்று முன்பே விதி வையுங்கள். இறுதித் தேர்வைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவரும் தான் எதிர்க்கும் தொகுப்பின் சிறந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் எதிர்ப்பைச் சொல்ல வேண்டும். எதிர்ப்பவர் அதை முழுதாக வாசித்தாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: இணையத்தில் நட்சத்திரங்களைப் பார்த்து வாங்கி ஏமாறுகிறேன். விருது வாங்கிய புத்தகத்துக்குக்கூடக் குறைந்த மதிப்பெண் இருக்கிறதே?

பதில்: சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், பரவலைப் பாருங்கள். சராசரி 3 என்பது எல்லோரும் 3 கொடுத்ததாகவும் இருக்கலாம், பாதிப்பேர் 5, பாதிப்பேர் 1 கொடுத்ததாகவும் இருக்கலாம். முதலாவது சாதாரணப் புத்தகம். இரண்டாவது, நீங்கள் எந்தப் பாதியில் இருப்பீர்கள் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டிய புத்தகம்.

ஒற்றை நட்சத்திர விமர்சனங்களில் அட்டை கிழிந்தது, தாமதமாக வந்தது போன்றவற்றை ஒதுக்குங்கள். மீதியில் காரணம் சொல்லியிருப்பவற்றை வாசியுங்கள். ‘கதையே இல்லை, வெறும் பேச்சு’ என்று ஒருவர் எரிச்சல்பட்டிருந்தால், உரையாடலை விரும்பும் உங்களுக்கு அது பரிந்துரை. வெளியான முதல் சில நாட்களின் பாராட்டைச் சற்றுத் தள்ளுபடி செய்தே வாசிக்க வேண்டும். முதலில் ஓடிவருபவர்கள் பெரும்பாலும் அந்த எழுத்தாளரின் நிரந்தர வாசகர்கள்.

விருது விஷயத்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. புகழ்பெற்ற விருதுகளை வென்ற, அல்லது இறுதிப் பட்டியல்வரை வந்த 64 ஆங்கிலப் புத்தகங்களின் 38,817 வாசக விமர்சனங்களை எடுத்துப் பார்த்தார்கள். விருது அறிவித்த பின் வென்ற புத்தகங்களுக்கு வாசகர் கூடினார்கள், ஆனால் மதிப்பீடு வெல்லாதவற்றைவிட அதிகமாக இறங்கியது. விருதைப் பார்த்து, வழக்கமாக அந்த வகையைத் தொடாதவர்களும் வாங்குகிறார்கள் என்பது ஒரு முக்கியக் காரணம். ஆகவே விருதுக்கு முந்தைய விமர்சனங்களையும் பிந்தையவற்றையும் தேதி பார்த்துத் தனித்தனியாக வாசியுங்கள்.

கேள்வி: பிடிக்காத புத்தகத்தை எத்தனை பக்கம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: நான்சி பேர்ல் சொன்ன கணக்கு: 50 பக்கம். வயது 50ஐத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம்; 64 வயதானால் 36 பக்கம். கட்டுரை நூலானால் அதற்கும் முன்பே பொருளடக்கத்தையும் கடைசி அத்தியாயத்தையும் பார்த்து முடிவு செய்யலாம். பாதியில் விட்ட புத்தகத்துக்கு மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். ‘இத்தனையாம் பக்கத்தில் நிறுத்தினேன், இதனால்’ என்று எழுதினால் அது நேர்மையான தகவல்.

கேள்வி: ஒரு புத்தகம் எனக்குப் பிடிப்பது எழுத்துக்காகவா, எழுத்தாளரின் பெயருக்காகவா என்று சந்தேகம் வருகிறது. சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கில இலக்கிய விமர்சகர், பெயரும் காலமும் இல்லாமல் கவிதைகளை மாணவர்களுக்குக் கொடுத்து, தோன்றியதை எழுதி வாங்கினார். 1929இல் அதை நூலாக்கினார். பெருங்கவிஞர்கள் சிலரின் கவிதைகளையே மாணவர்கள் கடுமையாகத் தள்ளியிருந்தார்கள். ரிச்சர்ட்ஸ் அவர்களைக் கேலி செய்யவில்லை. வாசிப்பு எங்கே தடுக்கிறது என்று வகைப்படுத்தினார். நேர்ப்பொருளே பிடிபடாமல் போவது, கவிதைக்குத் தொடர்பில்லாத சொந்த நினைவு குறுக்கிடுவது, தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியைக் கொட்டுவது, தன் கொள்கையோடு ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் பார்ப்பது போன்றவை அவற்றில் சில.

வீட்டிலேயே செய்யலாம். இரண்டு எழுத்தாளர்களின் புத்தகங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாண்டிய இடத்தில் இரண்டிரண்டு பக்கத்தை நகலெடுக்கச் சொல்லுங்கள். தொடக்கப் பக்கங்கள் வேண்டாம், அவற்றை எல்லோரும் மெருகேற்றியிருப்பார்கள். தேர்ந்தெடுப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். பாத்திரப் பெயர்களை அவர் மையால் மறைக்கட்டும். இரண்டு முறை வாசித்து, முதலில் பத்தியில் என்ன நடக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். கருத்து அதன் பிறகு. அந்த இரண்டு வரியையே எழுத முடியவில்லை என்றால் கருத்தை ஒத்திப்போட்டு மூன்றாம் முறை வாசியுங்கள். உங்கள் அபிமான எழுத்தாளரின் நடையை உடனே அடையாளம் கண்டுகொண்டால் சோதனை செல்லாது. தேர்ந்தெடுப்பவரிடம், நீங்கள் வாசிக்காத நூலிலிருந்து வேறு பக்கம் எடுக்கச் சொல்லுங்கள்.