நாள் முழுக்க நாற்காலியில்தான் வேலை. நிமிர்ந்து உட்கார்ந்து பழகினால் முதுகெலும்புக்குப் போதுமா?

போதாது. தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் உட்காருவதாகச் சொல்லி, முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் பெல்ட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகச் சாயங்காலம் ஆனால் தோள்பட்டைகளுக்கு நடுவே எரிச்சலும், எழுந்திருக்கும்போது இடுப்பில் பிடிப்பும் இருக்கும். "நேரா உக்காரு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்த ஒரே அறிவுரையைத்தான் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதுகெலும்பில் அசையக்கூடிய எலும்புகள் 24. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. இவற்றுக்கு நடுவில் இருக்கும் டிஸ்குகளுக்கு, வளர்ந்த பிறகு, உள்ளே ரத்தக்குழாய் ஓடுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. பாரம் அழுத்தும்போது நீர் வெளியேறும், பாரம் குறையும்போது உள்ளே ஊறும், பஞ்சைப் பிழிந்து விடுவதைப் போல. ஆகவே டிஸ்குக்கு வேண்டியது அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வருவது. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், கூனி இருந்தாலும் நிமிர்ந்து இருந்தாலும், அந்த மாற்றம் நடக்காது. விறைப்பாக நிமிர்ந்தே இருப்பவர்களுக்கு முதுகுத் தசைகளும் ஓய்வில்லாமல் இறுகிக் களைத்துப்போகும்.

கூன் போட்டே உட்காரலாம் என்று சொல்வதாக யாரும் பாய வேண்டாம். ஒரே நிலையில் நெடுநேரம் இருக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் நடங்கள். போன் வந்தால் நின்றபடி பேசுங்கள்.

நாற்காலி விஷயம் சுருக்கமாக: பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று உயரமாகவோ இருக்க வேண்டும். நுனியில் உட்காராமல் பின்னால் தள்ளி உட்கார்ந்து சாய்மானத்தில் முதுகைக் கொடுங்கள். இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே கோணம் 100 முதல் 110 டிகிரி வரை இருக்கும்படி சற்றே பின்னால் சாய்ந்திருந்தால் நல்லது. இடுப்புக்குச் சுருட்டிய துண்டு வைப்பவர்கள் பெரும்பாலும் உயர வைத்துவிடுகிறார்கள். அது விலா எலும்பைத்தான் முன்னால் தள்ளும். பேன்ட் பெல்ட் கட்டும் மட்டத்துக்குச் சற்று மேலே வந்தால் போதும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். தூரத்துக்கு மேலேயும் படிக்கக் கீழேயும் என இரண்டு பகுதியுள்ள பைஃபோகல் கண்ணாடி போடுபவர்கள் மட்டும் திரையை இன்னும் இறக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்காக நாள் முழுக்க மோவாயைத் தூக்கிக் கழுத்து வலி வரும். மடிக்கணினி என்றால் தனி கீபோர்டு வாங்காமல் இது எதுவும் சரிவராது.

காலையில் எழுந்ததும் குனிந்து கால் விரலைத் தொடுவதை விட்டுவிடுங்கள். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நம் உயரம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை கூடியிருப்பதே அதனால்தான். அப்போது முழுசாகக் குனிந்தால் டிஸ்கின் பின்பக்கத்தில் இழுவிசை மற்ற நேரத்தைவிட அதிகம். முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனியாதீர்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

பயிற்சிக்கு, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியலை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று போதும். முதலாவதில், மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மட்டும் மடித்து, இடுப்பு வளைவுக்குக் கீழே இரு உள்ளங்கைகளையும் கொடுத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து லேசாக மட்டும் தூக்குவது. மோவாய் நெஞ்சை நோக்கிப் போனால் அது கழுத்துப் பயிற்சியாகிவிடும். இரண்டாவது, ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. ஆரம்பத்தில் முழங்காலை மடித்து அதன்மேல் பாரத்தைப் போடுங்கள்.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும். காலை உயரத் தூக்கப் பார்க்கும்போது இடுப்பு குழிந்து, தூக்கிய காலின் பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். தூக்காதீர்கள். பின்சுவரைக் குதிகாலால் தள்ளுவதாக நினைத்து நீட்டுங்கள், தொடை தரைக்கு இணையாக வந்ததும் நிறுத்துங்கள். இடுப்பின்மேல் மெல்லிய புத்தகம் ஒன்றை வைத்துப் பாருங்கள். அது சரிந்தால் இடுப்பு திரும்புகிறது என்று அர்த்தம், நீட்டும் அளவைக் குறையுங்கள்.

மூன்றிலும் ஒவ்வொரு பிடிப்பும் 10 விநாடிக்கு மேல் வேண்டாம். மூச்சை அடக்கக் கூடாது. முதலில் 6 முறை, சற்று ஓய்வு, பிறகு 4, பிறகு 2 என்று இறங்குவரிசையில் செய்யுங்கள். பழகிய பின் முறைகளைக் கூட்டலாம், பிடிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டாம்.

பாரம் தூக்குவதில் பொருள் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் முக்கியம். 10 கிலோவே கை நீட்டிய தூரத்தில் இருந்தால் இடுப்புக்குப் பெரும் பாரம். வயிற்றோடு ஒட்டிப் பிடியுங்கள். குனிந்தபடி திரும்பவே கூடாது. பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள்.

நடையை யாரும் மருந்தாக மதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. படிப்படியாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேர நடையை இலக்காக வைத்து, வலி பற்றிய விளக்கமும் பெற்றவர்களுக்கு வலி திரும்ப ஆன காலத்தின் இடைநிலை, அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்பியிருந்த கட்டம், 208 நாள். மற்றவர்களுக்கு 112 நாள்.

பெல்ட் வேண்டாம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும் சொல்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகோ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் போடச் சொன்னால் அது வேறு கதை, கழற்றி எறியாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லியே தீர வேண்டும். ஸ்கேன் அறிக்கையில் "தேய்மானம்" என்று ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, குனியவே பயந்து வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்பவர்கள் ஏராளம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், டிஸ்க் தேய்மானம் 20 வயதினரில் 37 சதவீதம், 50 வயதினரில் 80 சதவீதம் பேருக்கு இருந்தது. இதை ஒரு நிமிடம் விளக்கிச் சொல்லாமல் அறிக்கையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது நியாயமே இல்லை.

ஆனால் சில அறிகுறிகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மலஜல வாசலைச் சுற்றியோ உள்தொடையிலோ மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பதோ கட்டுப்பாடின்றிப் போவதோ, கால் பலமிழந்துகொண்டே வருவது, காய்ச்சலோடு முதுகு வலி, விழுந்து அடிபட்ட பின் வந்த கடும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் இரண்டுக்கும் காலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது.